இடக்கையால் வந்த பந்து

லண்டனில், வால்தம்ஸ்டோவிலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நரைத்த மீசையோடு ஒரு கொண்டக்ரர் வருவார். எல்லோருக்கும் இடக்கையாலேயே ரிக்கெற் கொடுப்பார். வலக்கை கழுத்தில் தொங்கும் மெஷினின் பிடியைச் சுற்றும். இடக்கை கடதாசியைக் கிழித்து நீட்டும். அவருக்கு அதுதான் வசதி. நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. நாலு மணிக்கே இருட்டுவதற்கும், வானிலையைப் பற்றி அந்நியரோடு கதைப்பதற்கும், வீட்டுக்குள் சப்பாத்தோடு வருகிறவர்களுக்கும் பழகிவிட்டேன். ஆனால் அந்த இடக்கை நீளும்போது மட்டும் இன்னமும் எனக்குள் யாரோ ஒரு கணம் முகம் சுளிக்கிறார்கள். ஊரில் யாராவது இடக்கையால் ஒரு பென்சிலை நீட்டினாலே வாங்க மாட்டோம். வலக்கையில் வேலை இருந்தால், 'குறை நினைக்காதேங்கோ' என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்கள். இங்கே ரிக்கெற், தேத்தண்ணி, லைபிரறிப் புத்தகம், வங்கியில் காசு எல்லாம் எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கையால் வரும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பஸ் ஒரு வளைவில் சரிந்தது. நான் கம்பியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போனேன். கொண்டக்ரரின் இடக்கையோ நான் நின்ற இடத்துக்கு வரவில்லை. நான் போய்ச் சேரப்போகும் இடத்தில் ரிக்கெற்றோடு முன்னமே காத்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு அந்தக் கையையே பார்த்தேன். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினியில் அடுப்புப் பக்கமாகப் பறந்த ஒரு தேசிக்காய் நினைவுக்கு வந்தது. "ஐயோ!" என்று கத்தியே விட்டேன்.

"பிழையான பஸ்ஸோ, லவ்?" என்றார் அவர். இங்கே முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இல்லை. பிழையான கை."

மனிதர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுக்கு என்று நினைத்திருப்பார், பாவம். விளக்க எனக்கு நேரமில்லை. அடுத்த தரிப்பிடத்திலேயே குதித்து இறங்கி, மிச்சத் தூரத்தை ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஒரு குவாட்டர்பாக்கைத் தேடி.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டும். அமெரிக்கன் புட்போல் என்று ஒரு விளையாட்டு. பேர்தான் புட்போல், கால் படுவது அபூர்வம். உரித்த தேங்காய்க்கு இரண்டு பக்கமும் கூர் வைத்தது போல ஒரு பந்து. சில வருடங்களாக ஞாயிறு மாலைகளில் ரீவியில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து இங்குள்ள கல்லூரிப் பெடியள் ஆளுக்கொரு ரீம் தொடங்கிவிட்டார்கள். சட்டம் லேசானது. நாலு முயற்சிக்குள் பத்து யார், அதாவது முப்பது அடி, முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி. இல்லாவிட்டால் பந்து மற்றவனுக்கு. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடலாம், அல்லது முன்னால் ஓடுகிறவனுக்கு எறியலாம். அந்த எறிதலுக்குத்தான் பாஸ் என்று பெயர். ஓடுவதா எறிவதா என்று களத்தில் நின்று முடிவெடுத்து, எறிவதென்றால் எறிந்தும் காட்டுகிறவன் குவாட்டர்பாக். தோற்றால் பேச்சு வாங்குகிறவனும் அவன்தான்.

எங்கள் கல்லூரி ரீமின் குவாட்டர்பாக் ஒரு வடமராட்சிப் பெடியன். பெயர் சேந்தன். என்னோடு பொறியியல் படிக்கிறான். வந்த புதிதில் கல்லூரி மண்டபத்தில் ஒரு மேசையில் தலைக்கவசங்களை அடுக்கிவைத்து, "எறியத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கிரிக்கெற்றில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெற்றை விழுத்தினவன், கையை உயர்த்திவிட்டான். அவனைப் பார்க்கப் போய்த்தான் நாங்கள் மூன்று பேரும் ரசிகர்களானோம். ஒன்று நான், மாலி. இரண்டாவது என் பெரியம்மாவின் மகன் மணியண்ணை. அவருடைய வீட்டில்தான் நான் இருக்கிறேன், பகலில் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை செய்கிறார், ஞாயிறு ஓய்வு. மூன்றாவது மதுரையிலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் கணிதம் படிக்கும் ரமேஷ். மைதானத்தின் ஓரத்தில் தமிழில் கத்துகிற கட்சி நாங்கள் மூவர்தான். எதிர் ரீம்காரர் நாங்கள் ஏதோ இரகசியக் குறிப்புக் கொடுக்கிறோம் என்று நடுவரிடம் முறைப்பாடு செய்ததும் உண்டு. மணியண்ணை கத்தியது, "டேய், சப்பாத்து நாடாவைக் கட்டடா!"

எனக்கு இந்த ஓரத்தில் நிற்பதே பெரிய விஷயம். ஊரில் எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் பெடியள் பள்ளிக்கூடத்தின் மைதானம். பெரிய மாச் நடக்கும்போது அண்ணன்மார் மதிலில் ஏறியிருந்து, யாரை முதலில் இறக்கியிருக்க வேண்டும், ஏன் அந்தப் பந்தை அடித்தான் என்று அடிபடுவார்கள். நான் கீழே நின்று சத்தத்தை வைத்தே ஓட்டத்தைக் கணக்கிடுவேன். ஒருநாள் கேட்காமலே ஒரு கருத்துச் சொன்னேன். "உனக்கென்ன தெரியும்?" என்றார்கள். பிறகு அந்த மைதானத்தில் ஆமி ஹெலிகொப்ரர் இறங்கத் தொடங்கியது. மதிலில் இருக்க ஒருவரும் துணியவில்லை, வாதமும் நின்றது. இங்கே குளிரில் மூக்கு ஒழுக, சேற்றில் கால் புதைய, நான் மைதானத்தின் கோட்டிலேயே நின்று கருத்துச் சொல்கிறேன். பிழையாகவும் சொல்கிறேன். அதற்கும் உரிமை இருக்கிறது.

இந்தப் பருவம் கருத்துச் சொல்ல நிறையவே கிடைத்தது. தோற்றுக்கொண்டே இருந்தோம். சேந்தனின் எறி வேகமானது, நேரானது, ஆனால் போய்ச் சேர்வதில்லை. கெவின் என்ற நெட்டையன்தான் பந்தை வாங்க ஓடுகிறவன். அவன் ஓடத் தொடங்கிய இடத்துக்குப் பந்து அச்சொட்டாகப் போகும். ஆனால் கெவின் அதற்குள் பத்து யார் தள்ளிப் போயிருப்பான். ஓடாமல் நிற்கும் விக்கெற்றுக்கு எறிந்து பழகிய கை அது. கடைசியில் கோச் பிரையன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: கிறிஸ்மஸ் லீவுக்கு முந்திய ஆட்டத்திலும் பாஸ் சரிவராவிட்டால், ஜனவரியில் நீல் என்ற பெடியன்தான் குவாட்டர்பாக், சேந்தன் கோட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருக்கலாம்.

வாங்கில் இருப்பது பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். சேந்தனுக்கு இன்னும் விசா முடிவு வரவில்லை. ஒரே அறையில் நாலு பேர். முழு வாரத்திலும் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, பத்திரங்களைத் தவிர. அவன் ஒருநாள் என்னிடம் சொன்னான்: "விசாக் கந்தோரில என்னை ஒரு நம்பராத்தான் கூப்பிடுறாங்கள், மாலி. கிறவுண்டில பத்து வெள்ளைக்காரப் பெடியள் வட்டமாக் குனிஞ்சு நிண்டு, நான் என்ன சொல்லப்போறன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். என்ர இங்கிலீசைக் கூட ஒருத்தனும் திருத்திறேல்லை. அதை விட ஏலாது." அதற்குப் பிறகு அந்த வாங்கு எனக்கு வெறும் பலகையாகத் தெரியவில்லை.

தேசிக்காய்க்கு வருகிறேன், ரமேஷின் பாஷையில் எலுமிச்சங்காய். அந்த ஞாயிறும் தோற்றோம். வழக்கம்போல மணியண்ணையின் குசினியில் சோறும் பருப்பும் மீன்குழம்பும், கூடவே வாதம்.

"ஓடுங்கோவன்!" என்றார் மணியண்ணை, அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையில் நடந்தபடி. "பந்தைக் கையில வச்சுக்கொண்டு ஓடுறதுக்கு என்ன? எறிஞ்சு எறிஞ்சு துலைக்கிறதுதான் வேலை. கையில இருக்கிறதைக் காத்திலை விடுற சாதி நாங்கள்."

"அண்ணே, ஓடினா நசுக்கிருவாங்கண்ணே," என்றான் ரமேஷ். "அந்தப் பக்கம் நிக்கிறவன்லாம் ரக்பி ஆடி வளந்தவன். ஒவ்வொருத்தனும் ஒரு பீரோ சைஸ் இருக்கான். பீரோவத் தாண்டணும்னா மேல எறிஞ்சாத்தான் ஆகும்."

"எறிஞ்சதை வாங்க ஆள் வேணுமே! அந்தக் கெவின் வேற எங்கயோ ஓடுறான்."

"கெவின் சரியாத்தான் ஓடுறான்," என்றேன். "இவன்தான் அவன் போன பிறகு அந்த இடத்துக்குக் கடிதம் போடுறான்."

"சாப்பிட விடுங்கோவன்," என்றான் சேந்தன். "ஜனவரியில நீல் எறிவான். அவனோட சண்டை பிடியுங்கோ."

மணியண்ணை, பேச்சை மாற்றத்தான், "உதிலை இருக்கிற தேசிக்காயை எடு" என்றார். சேந்தனின் வலக்கை சோற்றுக்குள். இடக்கையால் தேசிக்காயை எடுத்தான். தலையை நிமிர்த்தவும் இல்லை. மணிக்கட்டை ஒரு சுண்டு. ரமேஷின் தலைக்கு மேலால் அது வளைந்து போனது. மணியண்ணை அப்போதும் நடந்துகொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் பக்கம் அவர் கை எட்டிய அதே கணத்தில் தேசிக்காய் உள்ளங்கையில் போய் விழுந்தது.

மணியண்ணை அதைப் பிடித்துக்கொண்டே சீறினார்: "என்னடா, இடக்கையால எறியிறாய்? வீட்டில ஒண்டும் சொல்லித் தரேல்லையே?"

"சொறி அண்ணை," என்றான் சேந்தன். ரமேஷ்கூட, "அதானே, என்ன பழக்கம்டா இது?" என்றான். நானும் சிரித்தேன். பிறகு எல்லோரும் மறுபடி, பாஸா ஓட்டமா என்று தொடங்கிவிட்டோம்.

இதுதான் எங்கள் கூத்து. மூன்று மாதமாக அவனுடைய தோள், நிற்கும் விதம், லண்டன் காற்று, கெவினின் சப்பாத்து எல்லாவற்றையும் பிரித்து ஆராய்ந்த மூன்று நிபுணர்கள், நாங்கள் தேடிய எறியை முகத்துக்கு முன்னால் கண்டோம். எங்களுக்கு மரியாதைக்கேடு தெரிந்தது, பாஸ் தெரியவில்லை. ஒரு வெள்ளைக்காரன் அந்தக் குசினியில் இருந்திருந்தால் கையைப் பார்த்திருக்கவே மாட்டான், தேசிக்காயைத்தான் பார்த்திருப்பான். அந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு நாளும் ஒரு கொண்டக்ரரும் தேவைப்பட்டது.

அந்த வியாழன் நான் ஓடிப்போய், பந்தையும் இடக்கையால் எறி என்று சொன்னபோது சேந்தன் கன்ரீனில் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான்.

"விசரே உனக்கு?" என்றான். பிறகு இடக்கையை மேசையில் வைத்து, "அம்மா சாப்பாட்டு நேரத்தில இந்த மணிக்கட்டில லேஞ்சித் துணி ஒண்டு கட்டி விடுவா," என்றான். "அடிக்கிறேல்லை. லேஞ்சியைப் பாத்தா ஞாபகம் வரும் எண்டு. பள்ளிக்கூடம் போக முந்தியே எழுத்து, சாப்பாடு, எறியிறது எல்லாம் அங்கால மாறியிட்டுது. இந்தக் கையால நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுத்ததில்லை, மாலி."

"மணியண்ணைக்குத் தேசிக்காய் குடுத்தனீ."

"அதுக்குத்தானே பேச்சு வாங்கினனான்!"

சரி, கோச்சைப் பிடித்தால் சரி என்று பிரையனிடம் போனேன். சேந்தனுக்கு இடக்கைதான் இயல்பான கை, ஆனால் எங்கள் ஆட்கள் இடக்கையால் ஒன்றும் கொடுப்பதில்லை, அதனால்தான் இந்தச் சிக்கல் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முகம் கவலைப்பட்டது. "இடக்கையில் காயமா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ சமயத் தடையா? அப்படியென்றால் நான் வற்புறுத்த மாட்டேன்." அதுவும் இல்லை, மரியாதை, ஒருவருக்குக் கொடுக்கும்போது வலக்கையால் கொடுக்க வேண்டும் என்றேன். பிரையன் நெற்றியைச் சொறிந்தார். உண்மையாகவே விளங்கிக்கொள்ளப் பார்த்தார். கடைசியில், "ஆனால் அவன் கொடுக்கவில்லையே. எறிகிறான்," என்றார்.

அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது. அதை அப்படியே கொண்டுபோய்ச் சேந்தனிடம் சொன்னேன். அவன் முதன்முதலாகச் சிரித்தான்.

வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், வகுப்பு முடிந்து இருட்ட முந்திக் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தில் பயிற்சி. பந்து பிடிக்க ரமேஷும் நானும். நாய் கூட்டிக்கொண்டு வரும் கிழவர்கள் நின்று பார்ப்பார்கள். முதல் எறி மரத்தில், இரண்டாவது வாத்துக் குளத்தில். தேசிக்காய் வேறு, இந்தக் கூர்த் தேங்காய் வேறு. ஆனால் மூன்றாம் நாள், நான் ஓட, என் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், பந்து எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது, வா வா என்று. வேகம் கூட்டி இரண்டு அடி வைத்தேன். நெஞ்சில் விழுந்தது. ரமேஷ் மப்ளரைக் கழற்றிச் சுற்றினான். எதிர்கால இடமொன்றுக்கு எறிவது என்று நான் அதுவரை வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் உடம்புக்குத் தெரிந்தது.

கை மாறினால் எல்லாம் மாறும் என்பது பிறகுதான் தெரிந்தது. பந்து எதிர்ப்பக்கமாகச் சுழன்று வருகிறது, விரலுக்குள் நிற்குதில்லை என்று கெவின் முறையிட்டான். வலக்கையால் எறிகிறவனின் முதுகு இடப்பக்கம் திரும்பியிருக்கும், அதைக் காக்க மிகப் பெரிய ஆள் அந்தப் பக்கம் நிற்பான். இப்போது அந்த டேவிட் என்ற மலையை வலப்பக்கம் பெயர்க்க வேண்டும். பிரையன் கரும்பலகையில் எல்லாவற்றையும் அழித்துக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிக் கீறினார். ஒரு லேஞ்சியை அவிழ்க்கப் பதினொரு பேர் இடம் மாற வேண்டியிருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் மாறினார்கள்.

மணியண்ணைக்கு மட்டும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம். மழை, சேறு. தேம்ஸின் தென்கரையிலிருந்து வந்த ரீம். ரமேஷ் சொன்ன பீரோக்கள். முதல் பாதியில் சேந்தன் இடக்கையைத் தூக்கவே இல்லை. பந்து கைக்கு வரும், அவன் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான், வலக்கையால் எறிவான், அது சேற்றில் விழும். நீல் வாங்கிலிருந்து எழும்பிக் கையைச் சூடேற்றத் தொடங்கினான். மணியண்ணை, "ஓடடா, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது: அவன் பார்ப்பது எங்கள் பக்கமல்ல, மணியண்ணையை. இந்த நாட்டில் அவனுக்கு ஊர் என்று இருந்தது எங்கள் குசினியளவுதான். அதில் பெரியவர் என்று அவனுக்கு இருந்தது இந்த ஒரு மனிதர்தான்.

"மணியண்ணை, அவனுக்கு இடக்கைதான் கை," என்றேன். "அண்டைக்குத் தேசிக்காய் எப்பிடி வந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. உங்களுக்குப் பயந்துதான் எறியாமல் நிக்கிறான்."

"எனக்கோ? நான் அவனை என்ன செய்தனான்?"

"பேசினீங்கள்."

மணியண்ணை தன் உள்ளங்கையைப் பார்த்தார். தேசிக்காய் விழுந்த அதே கை. கண்ணை மூடித் திறந்தார். பிறகு கோட்டுக்கு மிக அருகில் போய், நடுவர் தடுக்கத் தடுக்க, வாயருகே இரண்டு கையையும் குவித்துக் கத்தினார்: "சேந்தன்! இடக்கையால எறியடா! சத்தியமா நான் ஒண்டும் சொல்லமாட்டன்!"

மைதானத்தில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒருவனுக்கு விளங்கியது. அடுத்த முயற்சியில் அவன் பின்வாங்கினான், இடப்பக்கம் சாய்ந்து ஓடினான், கை காதுக்கு மேல் போனது, இடக்கை. கெவின் ஓடிக்கொண்டிருந்தான். பந்து அவன் இல்லாத இடத்தை நோக்கி மழைக்குள் ஏறியது. பிறகு அந்த இடத்தில் அவன் இருந்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டிச் சறுக்கி விழுந்தான். ஆறு புள்ளி. ரமேஷ் என்னைக் கட்டிப்பிடித்தான், நான் மணியண்ணையைக் கட்டிப்பிடித்தேன், மணியண்ணை பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தாயைக் கட்டிப்பிடித்துவிட்டுப் பிறகு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஆட்டத்தில் தோற்றோம்தான், அவர்கள் கம்பங்களுக்கு நடுவால் உதைத்த ஒரேயொரு பந்தால். ஆனால் பிரையன் ஜனவரி ஆட்டத்துக்கான பெயர்களை வாசித்தபோது குவாட்டர்பாக் என்ற இடத்தில் சேந்தனின் பெயரைச் சரியாக உச்சரித்தார். அதற்கு முன்பு அவர் அதைச் சரியாகச் சொன்னதில்லை. பிறகு வெட்டிய தோடம்பழத் தட்டு வந்தது. சேந்தன் பந்தை இடக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலக்கையைத் தொடையில் துடைத்து, ஒவ்வொருவருக்கும் வலக்கையாலேயே துண்டு துண்டாகக் கொடுத்தான். டேவிட்டுக்கும், நீலுக்கும், கடைசியாக மணியண்ணைக்கும். அதை யாரும் கவனிக்கவில்லை, எங்கள் மூன்று பேரைத் தவிர.

வீடு திரும்பும் பஸ்ஸிலேயே அடுத்த வாதம் தொடங்கிவிட்டது. "வலக்கையை ஏண்டா வீணாக்கணும்?" என்றான் ரமேஷ். "பதினஞ்சு வருஷம் பழகின கை. கிட்டத்துல நிக்கிறவனுக்கு இப்பவும் குறி தப்பாது. வலப்பக்கம் ஓடினா வலக்கை, இடப்பக்கம் ஓடினா இடக்கை. எவன் எந்தப் பக்கம் காப்பான்?"

"உப்பிடி ஒருத்தரும் விளையாடுறேல்லை," என்றார் மணியண்ணை. "ரீவியில கண்டனியே?"

"டிவில காட்டறவனுக்கெல்லாம் யாரு அண்ணே கையில கர்சீப் கட்டி விட்டா?"

இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகு மணியண்ணை, "அப்ப டேவிட்டை எங்க நிப்பாட்டுறது?" என்றார். அவர் கட்சி மாறிவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது.

இப்போது லீவு. கல்லூரி பூட்டு. நாங்கள் தினமும் பூங்காவுக்குப் போகிறோம். மணியண்ணையும் குரங்குத்தொப்பியோடு வந்து ஓடுகிறார், ஓடிப் பிடிக்கிறார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டுகிறார். இரண்டு கையாலும் எறியும் குவாட்டர்பாக் ஒருவனை ஜனவரியில் முதல் ஞாயிறு இறக்கப்போகிறோம். சரிவருமா தெரியாது. கல்லூரி பூட்ட முந்தியே பிரையன் தலையை ஆட்டிக்கொண்டே மறுபடி கரும்பலகையை அழித்துவிட்டார். இன்று பின்னேரம் பார்த்தபோது, பனிப்புகாருக்குள் சேந்தன் நின்றான். ஊரில் பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்போமே, அப்படிப் பந்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்தான். ரமேஷ் ஒரு பக்கம் ஓடினான், மணியண்ணை மறுபக்கம். எந்தக் கையிலிருந்து அது புறப்படும் என்று அவனுக்கே இன்னும் தெரியாது போலிருந்தது. நான் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் ஓடத் தயாராகக் காலை மாற்றி வைத்துக்கொண்டேன்.